சொல்லிக்கொள்ளாமல்

அரசாணையில் அதன் பெயர் உறுதிமொழி வளையம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாலி என்றார்கள்.

கறுப்பு ரப்பர். விரல் தடிமன். தொண்டைக்குழியின் மேல் ஒரு கண்ணாடிப் பொட்டு. பொட்டு பச்சையாக எரிந்தால் ஆள் வெளியே இருக்கலாம். சிவப்பாக மாறினால் போலீஸ் வரும். அணிந்தவன் பேசுவதையும் அவனோடு பேசுகிறவர்கள் சொல்வதையும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. நீதிமன்றம் செய்யாதே என்றதைச் செய்வேன் என்று அவன் வாயால் சொன்னால், செய்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

மரியபுஷ்பம் காவல் நிலையத்துக்குப் போனபோது சன்னாசி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புது வேட்டி. நெற்றியில் சந்தனம். கழுத்தில் சிவப்பு.

"என்னப்பா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல மேடம். பாப்பாவுக்குக் காது குத்துனோம். சாப்பிட்டேன். சொல்லிட்டுக் கிளம்பினேன்."

"என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னு சொன்னேன்."

சன்னாசி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் தெருவுக்குப் பின்னால் இருந்த குளத்தில் நகரக் குப்பையைக் கொட்டினார்கள். ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இந்தக் குப்பையை அதிகாரிகள் வீட்டு வாசலில் கொட்டுவோம் என்றான். கொட்டவில்லை. சொன்னான். அதற்கு ஊர்விலக்கு. ஓராண்டுக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வரக்கூடாது. மகளின் காதுகுத்துக்காக ஒரு பகல் மட்டும் அனுமதி. அதை வாங்கித் தந்தது மரியபுஷ்பம்தான். உரிமைக் காப்புக் குழுவின் ஒரே முழுநேர வழக்கறிஞர் அவள்.

ஆய்வாளர் கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

அணிந்தவர் தடைசெய்யப்பட்ட பகுதிக்குத் திரும்பி வரும் எண்ணத்தைத் தெரிவித்தார். அருகில் இருந்த பெண், "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லி அந்த எண்ணத்தைத் தூண்டினார்.

"அந்தப் பெண்ணு அவன் பொண்டாட்டி சார்."

"தெரியும். அவங்களுக்கும் சம்மன் போயிருக்கு."

"காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்க என்ன சொல்லுவீங்க?"

ஆய்வாளர் சிரித்தார். "நான் தாலி போட்டிருக்கலியே மேடம்."

சன்னாசி கழுத்தைச் சொறிந்தான். வளையத்தின் விளிம்பில் தோல் வெந்து, மஞ்சளாக நீர் கசிந்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் ஓட்டவில்லை. ஓட்டி ஓட்டி அலுத்திருப்பான்.

*

இடைக்கால ஜாமீன் கிடைத்தது. மூல வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில். மனுவில் மரியபுஷ்பம் இரண்டு கோரிக்கைகள் வைத்தாள்.

முதலாவது, சட்டமே செல்லாது. பேச்சு செயல் ஆகாது. ஒரு மனிதனின் வாயைச் சர்க்கார் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது.

இரண்டாவது, அப்படி இல்லாவிட்டாலும் இந்த வழக்கில் இயந்திரம் தமிழைத் தப்பாகப் புரிந்துகொண்டது. ஆகவே சன்னாசி மீறவில்லை.

குழுவின் தாவூது மனுவைப் படித்துவிட்டு இரண்டாவது கோரிக்கையில் விரலை வைத்தான்.

"இது எதுக்குக்கா? மிசினு சரியாப் புரிஞ்சுக்கிட்டா மட்டும் கழுத்துல மாட்டலாமா?"

"மாட்டக்கூடாது."

"அப்புறம்?"

"முதல் கோரிக்கை தோத்துட்டா இவன் உள்ள போவான் தாவூது. பாப்பாவுக்கு இன்னும் பேச்சே வரல."

தாவூது விரலை எடுத்தான். பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறான். எந்த மனுவிலும் இப்படி ஓர் இரண்டாவது கோரிக்கை இருக்கும் என்று அவனுக்கும் தெரியும்.

வழக்கு நடக்கும்வரை அந்த வட்டாரத்தில் வளையம் மாட்டிய மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குழு துண்டறிக்கை அடித்தது. கிளம்பும்போது "வரேன்" சொல்லாதீர்கள். "போறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வழியனுப்புகிறவர்களும் "வா" சொல்ல வேண்டாம்.

பாலத்துக்கு அப்பால் டீக்கடை முன்னால் கூட்டம் போட்டார்கள். வளையக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். தாவூது ஸ்டூல் மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் எங்கூடச் சொல்லுங்க. போறேன்."

யாரும் சொல்லவில்லை.

"சொல்லுங்கய்யா. வாயில என்ன வெத்தலையா?"

"எம் புருசன் வாசப்படியில நின்னு போறேன்னு சொல்லுவாரு, நான் கேட்டுட்டு நிக்கணுமா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "தூ."

"ஜெயிலுக்குப் போனாப் பரவால்லையாம்மா?"

"ஜெயிலுக்குப் போனாத் திரும்பி வருவாரு. போறேன்னு போனவங்க வந்திருக்காங்களா?"

கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்லதுக்குன்னு கூப்பிட்டானுங்க. சாவுப் பாடம் நடத்துறானுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சன்னாசிதான் எழுந்தான். "போறேன்" என்றான். முகம் கோணியது. மறுபடியும் சொன்னான். "போறேன்." பச்சைப் பொட்டு பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னொருவன் சொன்னான். பிறகு சிலர். பெண்கள் கடைசிவரை சொல்லவில்லை.

சன்னாசியின் மனைவி செல்லக்கிளி அவனுக்குப் பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறை அவன் சொன்னபோதும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மரியபுஷ்பம் டீயை வைத்துவிட்டாள். குடிக்க முடியவில்லை. நகரக் குப்பையின் நாற்றம் ஆற்றைத் தாண்டி அங்கும் வந்தது.

"நாமளே அவங்க வாயக் கட்டுறோம் தாவூது."

"கொஞ்ச நாளைக்குத்தானக்கா."

சன்னாசி தினமும் பழகினான். ஆட்டோ நிறுத்தத்தில், டீக்கடையில், தங்கியிருந்த அறையைப் பூட்டும்போது. ஆரம்பத்தில் நாக்கு "வ" வரைக்கும் போய் நிற்கும். பல்லால் கடித்து நிறுத்துவான். பிறகு அது இயல்பாக வந்தது. நண்பர்கள் கேலி செய்தார்கள். "ஏலே, போறவனே, காசு குடுத்துட்டுப் போ."

*

நீதிமன்றத்தில் குழுவின் சாட்சி பேராசிரியர் அங்கயற்கண்ணி. பேச்சுத் தமிழ் பற்றி ஆய்வு செய்தவர். வளையத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளன் நிகிலேஷும் வந்திருந்தான். இளைஞன். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சாட்சியத்தை முழுவதும் தட்டச்சு செய்தான்.

"போயிட்டு வரேன் என்றால் திரும்பி வருவதாகத்தானே பொருள்?" அரசு வழக்கறிஞர் வைகுந்தன் கேட்டார்.

"இல்லைங்க. விடைபெறுவதாகப் பொருள். வரேன்னு சொல்றவர் வரணும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. கடைக்காரர்கிட்ட சொல்றோம். வழியில பார்த்தவர்கிட்ட சொல்றோம்."

"போகிறவர் போகிறேன் என்று சொன்னால் என்ன?"

"மொட்டையா அப்படிச் சொல்ல மாட்டாங்க. அபசகுனம். ஒரேயடியாப் போறவங்கதான் போறேன்னு சொல்லுவாங்க. கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு ஓடுறவங்க. இல்லைன்னா சாகப் போறவங்க."

நீதிபதி ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "சாவு வீட்டுல?"

"அங்க சொல்லிக்கவே மாட்டோம் ஐயா. பேசாம எழுந்து போயிடுவோம். வரேன்னு சொன்னா அந்த வீட்டுக்குத் திரும்ப ஒரு துக்கத்துக்கு வரணும்னு ஆயிடும்."

"ஆமா. எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் நீதிபதி.

அறையில் எல்லோரும் புன்னகைத்தார்கள். வைகுந்தனும் புன்னகைத்தார். ஒரு நல்ல பட்டிமன்றத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நிகிலேஷின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. சன்னாசி மீறவில்லை. செல்லக்கிளி மேல் இருந்த சம்மன் ரத்து. இயந்திரம் மக்களின் பேச்சு வழக்கை மதிக்க வேண்டும். பேராசிரியரின் சாட்சியம் முழுவதையும் நிறுவனம் இயந்திரத்தில் சேர்க்க வேண்டும். உரிமைக் காப்புக் குழுவின் பணியை நீதிமன்றம் பாராட்டுகிறது. இந்த முடிவுக்குப் பின் முதல் கோரிக்கையைப் பரிசீலிக்க அவசியம் எழவில்லை.

மரியபுஷ்பம் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தாள். மேல்முறையீடு செய்யலாம். செய்தால் சன்னாசிக்குக் கிடைத்ததும் சேர்ந்து தொங்கலில் விழும். விட்டுவிட்டாள்.

தாவூது மைசூர்பாகு வாங்கி வந்தான். நீதிமன்ற வராந்தாவில் நின்று தின்றார்கள். நிகிலேஷ் தேடிக்கொண்டு வந்தான்.

"மேடம், ரொம்ப தேங்க்ஸ். நாங்க ஆபீஸ்ல உட்கார்ந்து எத்தனை வருசம் யோசிச்சாலும் இதெல்லாம் கிடைச்சிருக்காது. உங்க பேராசிரியர் சொன்னதை அப்படியே ஏத்திட்டோம்."

"முதல்லயே மனுசங்களக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா யாரு மேடம் சொல்றாங்க? கேஸ் போட்டாத்தான் சொல்றாங்க."

அவன் அதை வேடிக்கையாகத்தான் சொன்னான். மைசூர்பாகு ஒன்றை எடுத்துக்கொண்டான். நெய்க் கையை நீட்டினான். அவள் குலுக்கினாள். வீட்டுக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் விரல் இடுக்கில் அது பிசுபிசுத்தது.

இனி விருப்பம்போல் சொல்லிக்கொள்ளலாம் என்று தாவூது எல்லோருக்கும் தகவல் அனுப்பினான்.

*

காது குத்திய இடம் சீழ் பிடித்துக் குழந்தைக்குக் காய்ச்சல். மறுபடியும் ஒரு பகல் அனுமதி வாங்கினார்கள். சன்னாசி வந்தான். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டுக் கொண்டுவந்தான். அது தோளிலேயே தூங்கிவிட்டது. பாயில் கிடத்தினான்.

வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டான். செல்லக்கிளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போறேன்" என்றான்.

பொட்டு சிவந்தது.

காவல் நிலையத்தில் அதே பெஞ்ச். அதே ஆய்வாளர். இந்த முறை கணினியைத் திருப்பும்போது அவர் சிரிக்கவில்லை.

அணிந்தவர் திரும்பி வராத எண்ணத்தைத் தெரிவித்தார். தப்பியோடுதல் அல்லது தற்கொலை. அருகில் இருந்த பெண் அழுதார். எண்ணம் உறுதி. உடனடியாகக் காவலில் எடுக்கவும்.

"வரேன்னு சொல்லலாம்னு தாவூது சொல்லலியா?" மரியபுஷ்பம் சன்னாசியைக் கேட்டாள்.

"சொன்னாரு மேடம்."

"அப்புறம் ஏன்?"

"கோர்ட்டு சொல்லிடுச்சு. இதுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு..." வளையத்தைத் தொட்டுக் காட்டினான். "எதுக்கு வம்பு, ஜாக்கிரதையா இருப்போம்னு நெனச்சேன். பழகியும் போச்சு. இப்ப எது சொன்னாத்தான் மேடம் தப்பில்ல?"

மரியபுஷ்பம் வெளியே வந்தாள்.

செல்லக்கிளி நிலையத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். குழந்தை தோளில் சிணுங்கியது.

"நான் அழுதிருக்கக் கூடாதுல்ல" என்றாள்.

"நீ என்னம்மா பண்ணுவ."

"எத்தன தடவ அவரு சொல்லிக் கேட்டிருக்கேன், பாலத்துக்கு அந்தப் பக்கம். அழல. வீட்டு வாசல்ல நின்னு சொன்னதும் தாங்கல. நீங்க ரெண்டு பேரும் வந்து எங்களுக்குப் படிச்சுக் குடுத்தீங்க. நல்லாத்தான் படிச்சோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மரியபுஷ்பத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

சிறப்பு நீதிமன்றம். அதே நீதிபதி.

"கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் ஓடிப்போகவும் நினைக்கவில்லை, சாகவும் நினைக்கவில்லை. அப்படிச் சொல்லுமாறு அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது."

"யார் கற்றுக்கொடுத்தது?"

"எங்கள் குழு."

வைகுந்தன் எழுந்தார். கையில் பழைய சாட்சியத்தின் நகல். "ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் போறேன் என்று சொல்லுவார்கள். இது எங்கள் சாட்சி அல்ல ஐயா. மேடம் அழைத்து வந்த பேராசிரியர் சொன்னது. அப்போது உண்மை என்றால் இப்போதும் உண்மை. இப்போது பொய் என்றால் அப்போதும் பொய். அப்படியானால் முந்தைய தீர்ப்பையே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் மனைவிக்கு அனுப்பிய சம்மனும் திரும்ப வரும். மேடம் எது வேண்டும் என்று சொல்லட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது அவளுக்கும் கேட்டது. "தமிழ் வாழ்கன்னு கொடி பிடிச்சாங்க. வாழுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கோர்ட்டுல ஒண்ணும் தெருவுல ஒண்ணும் சொன்னா நாங்க என்னம்மா செய்யறது?"

"எதைச் சொன்னாலும் அது தப்பாகாத ஒரு சட்டம் வேண்டும் ஐயா. என் முதல் கோரிக்கை அதுதான்."

"அது அவசியமில்லை என்று முடிவாகிவிட்டது. நீங்கள் மேல்முறையீடு செய்யவில்லையே?"

செய்யவில்லை.

அவர் நல்லவர். மனுதாரரின் உயிரைக் கருத்தில் கொண்டு, மீதிக் காலத்தைச் சிறையின் பாதுகாப்பில் கழிக்கட்டும் என்று உத்தரவிட்டார். பாதுகாப்பு என்ற சொல்லைக் கனிவோடு வாசித்தார்.

வராந்தாவில் நிகிலேஷ் நின்றிருந்தான். முகம் வாடியிருந்தது. உண்மையாகவே வாடியிருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இது எங்க தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல. விதிவிலக்கு இன்னும் பத்தல, அவ்வளவுதான். எங்க கம்பெனி ஒரு மொழி ஆலோசனைக் குழு ஆரம்பிக்குது. நீங்க இருந்தா..."

"வேணாம்."

"திட்டுறது, கேலி பண்றது, குழந்தையைக் கொஞ்சும்போது கொன்னுடுவேன்னு சொல்றது... நீங்க சொல்லலைன்னா இன்னும் நிறையப் பேரு உள்ள போவாங்க மேடம்."

அது உண்மை. கை கழுவக் கழிப்பறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

*

சிறையில் பார்வையாளர்களுக்கும் மாட்டினார்கள். இரவல் வளையம். உள்ளே போகும்போது மாட்டி, வெளியே வரும்போது கழற்றிக்கொள்வார்கள். அவளுக்குக் கொடுத்தது இன்னும் சூடாக இருந்தது. உள்பக்கம் யாருடைய வியர்வையோ ஈரமாக இருந்தது. முகப்பவுடரின் மணம் வேறு. தொண்டையில் அது படிந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூச்சு விடத்தான் வேண்டியிருந்தது.

சன்னாசி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தான். அவன் கழுத்து வெறுமையாக இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு வளையம் தேவையில்லை. தோலில் வெளுப்பாக ஒரு தடம். புண் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது.

"கழுத்து ஆறிடுச்சு மேடம். வெளிய ஆறவே இல்ல பாருங்க."

"சாப்பாடு?"

"குளத்துத் தண்ணியே தேவலாம்." சிரித்தான். "ஆனா பேசலாம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசலாம். புதுசா நாலு கெட்ட வார்த்தை கத்துக்கிட்டேன். சொல்லிக்காட்டட்டா?"

"வேணாம்ப்பா."

"உங்க கழுத்துல பச்சை எரியுது. உங்களுக்காகச் சொல்லாம விடுறேன்."

"செல்லக்கிளி வந்தாளா?"

"வந்தா. பாப்பா காது ஆறிடுச்சாம், விரலால காட்டினா. ஒரு வார்த்த பேசல. இத மாட்டி அனுப்பிட்டாங்கல்ல, வாயத் தொறந்தா என்னாகுமோன்னு. கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாத்துட்டே நின்னா. மணி அடிச்சதும் போயிட்டா."

மேல்முறையீட்டு மனு போடுவதாக அவள் சொன்னாள். முதல் கோரிக்கை மட்டும்தான். வேறொன்றும் கேட்கப் போவதில்லை. நாளாகும். தோற்கவும் கூடும். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

மணி அடித்தது.

"சரி. போயிட்டு வாங்க மேடம்" என்றான். சாதாரணமாகச் சொன்னான். இப்போது அவனால் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். தொண்டைக்குழியில் ரப்பர் அசைந்தது. இது சிறை. இங்கே வரேன் என்றால் என்ன. போறேன் என்றால் என்ன. அதற்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம். எதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

வாயை மூடினாள். எழுந்தாள். பேசாமல் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிவாசலில் பெண் காவலர் அவள் கழுத்திலிருந்து வளையத்தைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"யாராவது தவறிட்டாங்களா மேடம்?"

"இல்லையே. ஏன்?"

"துக்கம்னு காட்டுது."

திரையை அவள் பக்கம் திருப்பினார். பச்சை எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

"சொல்லிக்காம கிளம்பினா இப்படிக் காட்டும் மேடம். இப்பத்தான் புதுசா சேத்திருக்காங்க. தப்பு ஒண்ணும் இல்ல, நீங்க போகலாம்."

காவலர் வளையத்தைத் தன் கால்சட்டையில் ஒரு முறை துடைத்தார். வரிசையில் நின்ற அடுத்த பெண் கழுத்தை நீட்டினாள்.